ஐம்பத்தைந்து அங்குலத்துக்கு ஒரு சுவர்

என் அறையை எடுத்துவிடப் போவதாக அப்பா என்னிடம் சொல்லவில்லை. கொத்தனாரிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இந்த நடுச்சுவர் வேணாம் கொளஞ்சி. இத விட்டுரு. ஹாலு நேரா பின்னால வரைக்கும் போவட்டும்."

கொளஞ்சிநாதன் வாயிலிருந்த பீடியை எடுத்தார். "பேஸ்மட்டம் போட்டாச்சே சார்."

"அது பாட்டுக்கு மண்ணுக்குள்ள கெடக்கட்டும். மேல ஒரு பீம் குடுத்துரு."

"பாப்பா ரூமுன்னு சொல்லிகினு இருந்தீங்களே?"

"பாப்பா என்ன, காலத்துக்கும் இங்கியா இருக்கப் போவுது? வர்ற வருஷம் கல்யாணம் கட்டிக் குடுத்தா, போற வூட்டுல பத்து ரூமு இருக்கும்."

"என்னா பாப்பா, பத்து ரூமு மாப்ள பாத்தாச்சா? எங்ககிட்ட சொல்லவே இல்ல!" என்றார் கொளஞ்சிநாதன். கலவை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் டேப்பை விட்டுவிட்டேன். அது சர்ரென்று சுருண்டு ஓடி அப்பாவின் விரலில் அடித்தது. "பாத்து!" என்று கையை உதறியவர், டேப் உடைந்ததா என்று பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். என் முகத்தை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

அது இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் ஆண்டு பிப்ரவரி மாதம். அப்பா இருதயசாமி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பர்மனென்ட். செப்டம்பரில் ரிட்டையர்டு. ரிட்டையர்டு ஆனால் டவுன்ஷிப்பில் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதனால் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம்.

டவுன்ஷிப்காரர்கள் வெளியே கட்டும் வீடுகளைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். எல்லாம் குவார்ட்டர்ஸ்தான். வயது முழுக்க ஒரே மாதிரி வீட்டில் இருந்துவிட்டு, சொந்தமாகக் கட்டும்போதும் கை தானாக அதையே கட்டும். அப்பாவும் எங்கள் குவார்ட்டர்ஸை டேப்பால் அறை அறையாக அளந்தார். அதே ஹால், அதே பெட்ரூம், அதே மூலையில் சமையலறை. அங்கே சமையலறை ஜன்னலைத் திறந்தால் பலாமரம் தெரியும் என்பதால் இங்கேயும் அதே பக்கத்தில் ஜன்னல் வைத்தார். இங்கே அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வீட்டுக் கழிவறைச் சுவர். அம்மா கேட்டபோது, "காத்து வரும்ல" என்றார்.

குவார்ட்டர்ஸில் இல்லாமல் புதிதாகச் சேர்த்தது இரண்டு அறைகள். ஹாலுக்கு முன்பக்கம் என் அண்ணன் பிராங்க்ளினுக்கு ஒன்று, பின்பக்கம் எனக்கு ஒன்று. அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான், புது வருஷத்துக்கு முன்பே கிளம்பிவிடுவான். நான் பகலில் ஒரு நர்சரி பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மாலை வகுப்பில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். நான் தினமும் வீட்டுக்கு வருகிறவள்.

அந்த அறை எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஷிப்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் பகலில் தூங்குவார். தூங்கியே ஆக வேண்டும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் கண் அசந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பிளாக்கில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெருவில் கிரிக்கெட் ஆட வரும் பையன்கள் முதலில் கேட்பது, "இங்க யாரு அப்பா நைட்டு?" என்றுதான். எங்கள் அப்பா என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக் காலிங் பெல்லின் ஒயரை நான் பிறப்பதற்கு முன்பே பிடுங்கிவிட்டார்கள். கதவு மோதாமல் இருக்கச் சட்டத்தில் பழைய துணி மடித்து ஆணியடித்திருக்கும். வீட்டில் இருந்த ஒரே பெட்ரூம் அப்பாவுக்கு. ஹாலில் பேசினால் உள்ளே கேட்கும் என்பதால் நானும் அம்மாவும் சமையலறையில்தான் இருப்போம், அங்கேயும் கிசுகிசுவென்று. இன்றைக்கும் போனில் பேசும்போது எதிரில் இருப்பவர்கள், "சத்தமா பேசுங்க, கேக்கல" என்கிறார்கள்.

இதற்காக நான் அப்பாவைக் குறை சொன்னதில்லை. சம்பளம் அந்தத் தூக்கத்தில்தான் வந்தது. ஆனால் எனக்கென்று ஒரு கதவு இருக்கும், அதைச் சாத்திக்கொண்டு பாடத்தை வாய்விட்டுப் படிக்கலாம் என்று பேஸ்மட்டம் போட்ட நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் மண்ணாக இருந்த அந்த அறைக்குள் போய் ஒருநாள் ஓம் விதியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான்.

அந்த அறையைத்தான் அப்பா டிவிக்குக் கேட்டார்.

கேட்கவில்லை. எடுத்தார்.

எல்லாம் ராஜேந்திரன் மாமா வீட்டில் ஆரம்பித்தது. அவர் அப்பாவின் ஷிப்ட்காரர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பொங்கலுக்கு ஹோம் தியேட்டர் வாங்கினார். அப்பா போய் உட்கார்ந்து ஒரு சண்டைப் படம் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து வேறு பேச்சில்லை. "பின்னாலேருந்து குண்டு போவுது மேரி. காதோரமா போவுது. திரும்பிப் பாத்துட்டேன்னா பாத்துக்கயேன்." அம்மா லூர்துமேரி, "நல்லவேள, மேல படல" என்றாள்.

அவருக்கு ஐம்பத்தைந்து அங்குல டிவியும் ஐந்து ஸ்பீக்கரும் அதிர்கிற ஒரு பெட்டியும் வேண்டும். என்னைக் கூப்பிட்டு, "நீ டிப்ளமோ படிக்கறியே, எது எடுக்கலாம்னு பாத்து எழுதிக் குடு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவள். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன், வகுப்பில் சாரிடம் கேட்டேன், ராஜேந்திரன் மாமா வீட்டு ஹாலை அளந்தேன். எந்த அளவு டிவியை எத்தனை அடி தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும், பின் ஸ்பீக்கர்களை நாற்காலிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் கணக்குப் போட்டேன். கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: ஐம்பத்தைந்து அங்குலமும் ஐந்து ஸ்பீக்கரும் வைக்கப் பதினைந்து அடி ஹால் வேண்டும். நம் ஹால் பத்தடி. ஆகவே நாற்பது அங்குலம் போதும்.

வேறு யார் படித்திருந்தாலும் டிவியைச் சின்னதாக்கியிருப்பார்கள். அப்பா வீட்டைப் பெரிதாக்கினார்.

கொத்தனாரிடம் அப்பா சொன்ன அன்றைக்குச் சாயந்திரம் வகுப்புக்குப் போகவில்லை. அப்பா டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அப்பா, ஹால் பெருசா வேணும்னா முன்பக்கச் சுவர எடுக்கலாமே. பிராங்க்ளின் ரூம் பக்கம். அதுவும் அதே அளவுதான்."

"அவன் வந்தா எங்க படுப்பான்?"

"நான் எங்க படுப்பேன்?"

"இப்ப எங்க படுக்கற? ஹால்லதானே? அங்கயும் ஹால்ல படு. ஹாலு பெருசா இருக்கும்."

"டிவி ஓடுமே."

"நாங்க என்ன விடிய விடியவா பாக்கப் போறோம்? வேணும்னா ஒரு ஸ்கிரீன் துணி கட்டித் தர்றேன். நல்லதா, பூப் போட்டதா."

"எனக்குத் துணி வேணாம். சுவர்தான் வேணும்."

"நீதாம்மா பதினஞ்சு அடி வேணும்னு எழுதிக் குடுத்த. நானா சொன்னேன்? நீ படிச்ச பொண்ணு, உன் கணக்க நம்பித்தானே பண்றேன்?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. "நாப்பது போதும்னும் எழுதியிருக்கேனே" என்றேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பா, முப்பது வருஷத்துக்கு மேல என் காதுக்குள்ள பெல்ட்டு ஓடிகினு இருக்கு. வூட்டுக்கு வந்தா தலகாணிய மேல வெச்சி அழுத்திகினு படுக்கறேன். சாயந்திரமா ஒக்காந்து ஒரு படம் முழுசா பாத்திருப்பனா? பாதியில ஷிப்ட்டு பஸ்ஸு வந்துரும். போறதுக்குள்ள ஒரு நாளாச்சும் நல்ல சத்தம் கேக்கறேனே. அது தப்பா?"

தப்பில்லை. அது தப்பில்லை என்று எனக்கும் தெரிந்தது. அவர் அப்படிச் சொன்னதும் நான் வெறும் சுயநலக்காரியோ என்று தோன்றியது. எழுந்து போய்விட்டேன். சமையலறையில் அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு அந்த ரூமே வேணாம் ஸ்டெல்லா. நான் எங்க வரப் போறேன்? என் ரூம எடுத்துக்கச் சொல்லு."

"அத அப்பாகிட்ட நீ சொல்லு."

"நான் சொன்னா, வூட்டுப் பக்கமே வரமாட்டியாடான்னு ஆரம்பிப்பாரு. நீயே சொல்லிக்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத."

வேண்டாதவனுக்கு ஒரு அறை நிற்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லக்கூட அவனுக்கு நேரமில்லை.

சுவர் வேலை திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் டிவியை முடிவு செய்துவிட வேண்டும் என்று அப்பா சனிக்கிழமை வடலூருக்குக் கிளம்பினார். வாங்கிக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு வீடு முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாமாம். ஐம்பத்தைந்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், திங்கட்கிழமை அந்தச் சுவர் எழும்பாது. நான் வரவில்லை என்றேன். "நீ வராம யாரு கேள்வி கேக்கறது? அவன் என் தலையில ஏதாவது கட்டிடுவான்" என்றார். போகாமல் இருந்திருக்கலாம். போனால் ஏதாவது செய்ய முடியும் என்று நினைத்தேனா, இல்லை கூப்பிட்டால் போய்விடுகிற பழக்கமா, தெரியவில்லை. அம்மாவும் வந்தாள். அவளை அப்பா கூப்பிடவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

கடையின் மாடியில் தனியாக ஒரு அறை. ஜன்னல் இல்லை, கறுப்புத் திரை, நடுவில் சோபா. நிலவன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன் எங்களைக் கூட்டிப் போனான். என் வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பில் அப்பாவை நடுவில் உட்கார வைத்தான்.

"சார், சென்டர்ல ஒக்காருங்க. சென்டர்தான் ராஜா சீட்டு. மேடம் நீங்க சைடுல. சார், ஹால் எத்தன அடி?"

"பதினெட்டு" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொன்னபோது என் அறை முழுசாக அந்தப் பதினெட்டுக்குள் போய்விட்டிருந்தது.

"சூப்பர் சார். அப்ப அம்பத்தஞ்சுக்குக் கீழ பேசவே வேணாம். த்ரீடி இருக்கு, நாலு கண்ணாடி ஃப்ரீ. வூட்ல எத்தன பேரு?"

"நாலு பேரு."

"கரெக்டா நாலு கண்ணாடி! உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"மூணு பேருதான் இருக்கோம்" என்றேன். "நாலாவது ஆள் ஓசூர்ல."

"கெஸ்ட்டு வந்தா போட்டுக்கலாம் மேடம்" என்றான் தயங்காமல்.

விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டான். ஹெலிகாப்டர் ஒன்று எங்களுக்குப் பின்னாலிருந்து வந்து தலைக்கு மேலே போய்த் திரைக்குள் நுழைந்தது. சோபாவின் அடியில் இருந்த பெட்டி அதிர்ந்து முதுகெலும்பில் ஏறியது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். பார்ப்பதற்கு இல்லை, கேட்பதற்கு. அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது, போகட்டும், துணியே கட்டிக்கொள்ளலாம் என்று. தோன்றியதும் என் மேலேயே வெறுப்பாக வந்தது.

அப்போது கரண்ட் போனது.

எல்லாம் ஒரே நொடியில் நின்றது. கும்மிருட்டு.

"என்னப்பா ஆச்சு? வெடிச்சிடுச்சா?" என்றார் அப்பா.

"கரண்ட் கட்டு சார். டெய்லி இருக்கறதுதான்."

"இந்த நேரத்துலயா?"

நிலவன் இருட்டில் சிரித்தது கேட்டது. "சார் டவுன்ஷிப்பா? அதான். உங்களுக்குப் போவாது. நீங்க நிலக்கரி தோண்டறீங்க, நாங்க மெழுகுவத்தி வாங்கறோம். வூடு எங்க சார் கட்டறீங்க?"

"வடக்குத்து."

"அங்கயும் இதே கததான் சார். இன்வெர்ட்டர் போட்டாலும் இந்த செட்ட இழுக்காது. ஃபேனும் லைட்டும் ஓடும். இருங்க, ஜெனரேட்டர் போட்டுட்டு வந்துடறன்." படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்தவர்களுக்குக் கரண்ட் போவது என்பது பேப்பரில் வரும் செய்தி. அப்பா அதை இதுவரை கணக்கில் வைத்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், என் தாளில் நானும் வைக்கவில்லை. ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவில், ராஜா சீட்டில், அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது தெளிவாகக் கேட்டது.

"என்னாங்க" என்றாள் அம்மா.

"என்ன?"

"நம்ம வூட்ல குக்கர் விசில் அடிச்சி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இப்ப எதுக்குடி குக்கரு?"

"கேட்டிருக்கீங்களா, இல்லியா?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்ல."

"விசில் வர்றதுக்கு முன்னாடி எறக்கிடுவன். பாதி பருப்பு வெந்தும் வேவாம இருக்கும். அத மத்து வெச்சிக் கடைஞ்சிகினே நிப்பன். பருப்பு கொரகொரன்னு இருக்குதுன்னு நீங்க திட்டியிருக்கீங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க தூங்கணும், வேல அப்படி." அம்மா கிசுகிசுக்கவில்லை. அவள் குரல் அந்த அறையில் பெரிதாக இருந்தது. "இந்தப் பொண்ணு பத்தாவது பரிட்சைக்குத் தண்ணித் தொட்டி மேல ஒக்காந்து, வாய மட்டும் அசைச்சிகினு படிச்சுது. பக்கத்து வூட்டுக்காரி ஊமப் பொண்ணான்னு கேட்டா. இப்ப நீங்க சத்தம் வாங்கறீங்க. வாங்குங்க. நான் வேணான்னு சொல்லல. உங்க தூக்கத்துக்கும் நாங்கதான் எடம் குடுத்தோம். உங்க சத்தத்துக்கும் நாங்கதான் எடம் குடுக்கணுமா?"

"கடைக்கு வந்து பேசற பேச்சா மேரி இது?"

"வூட்ல பேசலாம்னா நீங்க தூங்கறீங்களே."

அம்மா இதையெல்லாம் எண்ணி வைத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் மேல் நான் கோபப்பட்டது நினைவுக்கு வந்து கன்னம் சுட்டது. நல்லவேளையாக இருட்டு.

கீழே ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஒரு டியூப்லைட் எரிந்தது. நிலவன் வியர்வையைத் துடைத்தபடி வந்தான்.

"சாரி சார். பில்ல போட்டுடலாமா? டெலிவரிக்கு எழுதிக்கறன். ஹால் பதினெட்டுன்னு சொன்னீங்க இல்ல?"

அப்பா வாயைத் திறக்கும் முன் அம்மா சொன்னாள்: "பத்து."

நிலவன் பேனாவை நிறுத்தினான். "சார் பதினெட்டுன்னு..."

"அவரு மாத்தி சொல்லிட்டாரு தம்பி. எங்க ஹாலு பத்தடி. பின்னால எங்க பொண்ணு ரூமு. நல்ல கெட்டிச் சுவரு."

நிலவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார், ஏதோ நானும் அம்மாவும் வீட்டிலேயே பேசிவைத்துக்கொண்டு வந்தது போல. அப்படி இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஏன் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. சொந்த வீட்டு ஹால் எத்தனை அடி என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கடைக்காரப் பையன் முன்னால் நின்று சண்டை போட முடியுமா? அப்பாவால் முடியாது. சோபாவிலிருந்து எழுந்தார். எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது காட்டு" என்றார்.

நாற்பதும், சுவரோரமாக வைக்கிற சின்ன ஸ்பீக்கர் செட்டும் எடுத்தோம். நான் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டேன்: வாரண்டி, ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டரில் ஓடுமா. ஓடும் என்றான். பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். திங்கட்கிழமை கொளஞ்சிநாதன் போன் செய்தபோது, "பழைய பிளான் படியே போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கோபம் ஆறியிருக்கும்.

வீடு முடிந்து ஆகஸ்டில் மந்திரித்தார்கள், எங்கள் புதுமனை விழா அதுதான். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். என் அறையில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி கனிவாகச் சிரித்தார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. கும்பகோணத்து அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு அப்பன் யாருக்குக் கெடைப்பான்?" என்றபோதுதான் புரிந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "பொண்ணு படிக்கணும்னு தன் ஆசைய வுட்டுட்டாராமே" என்றார். சாமியார்கூட ஜெபத்தின் நடுவில், பிள்ளைகளுக்காகத் தங்கள் விருப்பங்களைத் தியாகம் செய்யும் தந்தையரை நினைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று தெரிந்தது.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமாகச் சொல்லியிருக்கிறார். அம்பத்தஞ்சு பாத்து வெச்சேன், பாப்பாவுக்காக விட்டுட்டேன் என்று. அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. இருட்டில் பேசிய அம்மா அந்தக் கதையில் இல்லை. அவள் பின்னால் பந்திக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

ராஜேந்திரன் மாமா பாயச டம்ளரோடு ஹாலுக்கு வந்து டிவியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"ஸ்டெல்லா, உங்கப்பன மறந்துடாத. என் வூட்ல வந்து ஒக்காந்து எப்படி ரசிச்சான் தெரியுமா? அவ்ளோ ஆசையையும் உனக்காக விட்டுக் குடுத்துட்டான்யா."

சரி மாமா என்று சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் வேறு சொன்னது.

"அவரு எதையும் விட்டுக் குடுக்கல மாமா. என்னோடத எடுக்க வந்தாரு. எடுக்கல. அவ்வளவுதான்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குப் பழக்கமில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் நாற்காலியில் அப்பாவின் முதுகு தெரிந்தது. அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. மாமா, "அட, என்ன இது, நல்ல நாளும் அதுவுமா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தாழ்ப்பாள் இல்லாததால் முதுகை வைத்து அழுத்திக்கொண்டேன். நல்ல நாளில் வயதானவரை நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா? தனியாகச் சொல்லியிருக்கலாமே? அவர் முப்பது வருஷம் உழைத்தது? ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நான் சொன்னதில் தப்பு கிடைக்கவில்லை. ஆனாலும் கதவிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

சாயந்திரம் கூட்டம் குறைந்த பிறகு கொளஞ்சிநாதன் தன் சம்சாரத்தோடு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். ஹாலுக்குள் வந்ததும் டிவியைப் பார்த்துவிட்டு, "என்னா சார், தியேட்டரே கட்டப் போறன்னு சொல்லிகினு இருந்தீங்க, இவ்ளோ சின்னதா வாங்கிட்டீங்க?" என்றார்.

நான் சமையலறையில் அம்மாவோடு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் கையை நிறுத்தினோம்.

அப்பா சொன்னார்: "பின்னால ஸ்டெல்லா ரூமு இருக்குது கொளஞ்சி. அதுக்கு மேல போவ முடியாது."

சுரங்கத்தில் வெட்டக் கூடாத எல்லையைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் அப்படித்தான் இருக்கும். அதில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. எனக்காக விட்டதாகச் சொல்லவில்லை. நான் பேசியதால் வந்த வெட்கமா, நாள் முழுக்க ஒரே கதையைச் சொன்ன களைப்பா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன்.

"ஆமா, நான் வெச்ச சுவருதான. கெட்டியா இருக்கும்" என்றார் கொளஞ்சிநாதன். "பாப்பா ரூமுக்குத் தாப்பா வரலியே சார்?"

"நாளைக்கு வந்து போட்டுரு" என்றார் அப்பா. "உள் பக்கமா."